வயலில் நஞ்சில்லை, டப்பாவில்?

வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த மறுநாள் வயலுக்குப் போய்ப் பார்த்தால் புழு செத்துக் கிடக்காது. இயற்கை வேளாண்மைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். "அஞ்சு கிலோ கொட்டை இடிச்சு, நூறு லிட்டர் தண்ணியில கலந்து அடிச்சேன் அண்ணே. புழு அப்படியே உட்கார்ந்திருக்குதே" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். "நாலு நாள் பொறுங்க தம்பி" என்பேன். அந்த நாலு நாளில் புழு தின்பதைக் குறைக்கும். தோல் உரிக்கவேண்டிய நேரம் வரும்போது உரிக்க முடியாமல் சிக்கிச் சாகும்.

வேம்பில் உள்ள அசாடிராக்டின் செய்யும் வேலை இது. புழு வளர வளரப் பலமுறை தோல் உரிக்கிறது. எப்போது உரிப்பது என்று அதன் உடம்புக்குச் செய்தி சொல்வது ஒரு ஹார்மோன். அசாடிராக்டின் அந்தச் செய்தியைக் குழப்பிவிடுகிறது. அதனால்தான் முட்டை பொரித்த சின்னப் புழுவாக இருக்கும்போதே அடிக்கச் சொல்கிறோம். முற்றிய புழுவிடம் இதன் வேலை குறைவு.

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஹார்மோனைக் குழப்பும் பொருள் உடனே கொல்லாது. மிகச் சின்ன அளவிலும் வேலை செய்யும். எவ்வளவு பட்டது என்பதோடு எந்தப் பருவத்தில் பட்டது என்பதும் முக்கியம். மனிதருக்குத் தோலுரிக்கும் ஹார்மோன் கிடையாது, அதனால் வேம்பைப் பற்றி இங்கே கவலை இல்லை. ஆனால் மனித உடம்பும் ஹார்மோன் சொல்கிறபடிதான் வளர்கிறது. அந்தச் செய்தியைக் குழப்பும் சில ரசாயனங்கள் நம்ம வீட்டு நெகிழிப் பொருட்களில் இருக்கின்றன. அவை அதிகம் பாதிப்பது பிள்ளைகளை. நஞ்சில்லாமல் விளைவித்து, அதை நெகிழியில் அடைத்து விற்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வட்டார உழவர் கூட்டத்தில் நான் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முந்திரிக் காட்டில் நடந்தது

நெகிழிக்கு முன்னால் நமக்குப் பழக்கமான ஒரு பூச்சிக்கொல்லியிலிருந்து தொடங்கலாம். விருத்தாசலத்தைச் சுற்றி முந்திரி நிறைய. எங்கள் ஊரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் முந்திரிக்கும் மணிலாவுக்கும் பெயர் பெற்றது. அதனால் கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டக் கதை எங்களுக்கு வெளியூர்க் கதையாகத் தெரியாது.

அங்கே 20 ஆண்டுகளுக்கும் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தோட்டத்தின் அடிவாரக் கிராமத்தில் 10 முதல் 19 வயதுக்குட்பட்ட 117 ஆண் பிள்ளைகளையும், மருந்து படாத ஊரில் 90 பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2003இல் வெளியானது. எண்டோசல்ஃபான் பட்ட ஊரில் பிள்ளைகள் வயதுக்கு வருவது தள்ளிப்போயிருந்தது. ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் சுரப்பிலும் குழப்பம் இருந்தது. 2011 மே 13 அன்று உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது.

அந்தப் பிள்ளைகள் யாரும் மருந்து டப்பாவைத் திறந்து குடித்தவர்கள் கிடையாது. காற்றிலும் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக, வளர்கிற வயதில், உடம்புக்குள் போனது. நெகிழி விஷயமும் இதே மாதிரிதான். பொருள்தான் வேறு.

மருந்தாகப் பார்த்தார்கள், டப்பாவாக மாறியது

பிஸ்பினால் ஏ என்ற ரசாயனத்தைச் சுருக்கமாக பிபிஏ என்பார்கள். இது முதலில் நெகிழிக்காக ஆராயப்படவில்லை. லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற ஆய்வாளர் 1936இல் இது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்கிறது என்று கண்டார். 1938இல் அவர் குழுவே அதைவிட வலுவான டிஇஎஸ் என்ற செயற்கை ஹார்மோனைக் கண்டுபிடித்ததால் பிபிஏ மருந்தாகவில்லை.

டிஇஎஸ் மருந்தானது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள், இளம்பெண்களிடம் அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோயைக் கண்டார்கள். விசாரித்தால், அவர்களுடைய தாய்மார் கர்ப்ப காலத்தில் டிஇஎஸ் சாப்பிட்டிருந்தார்கள். மருந்து சாப்பிட்டது தாய். நோய் வந்தது பதினைந்து, இருபது வருடம் கழித்து மகளுக்கு. பருவம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

மருந்தாகாத பிபிஏ 1950களில் வேறு வழியில் வந்தது. உடையாத, கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் நெகிழி அதிலிருந்துதான் செய்யப்படுகிறது. தகர டப்பாவின் உட்பூச்சிலும் அது சேர்ந்தது. 1991இல் தியோ கோல்போர்ன் என்ற அம்மையார் அமெரிக்காவில் பல துறை ஆய்வாளர்களைக் கூட்டினார். பறவை, மீன், மனிதர் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த கோளாறுகளை அங்கே ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் குழப்பிகள் என்ற பொதுப்பெயர் அங்கிருந்துதான் வழக்குக்கு வந்தது.

வீட்டில் எங்கே இருக்கிறது?

இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும். ஒன்று பிபிஏ. பாலிகார்பனேட்டால் செய்த 20 லிட்டர் தண்ணீர் கேன், பழைய பால் புட்டி, டின் உணவு இவற்றில் இருக்கும். கடையில் தரும் வழவழப்பான பில் சீட்டிலும் எழுத்து தெரிவதற்காகப் பூசியிருப்பார்கள். குழந்தை கையில் பில் சீட்டைக் கொடுத்தால் அது நேராக வாய்க்குத்தான் போகும்.

இன்னொன்று தாலேட். பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை மெத்தென்று வளைய வைக்க தாலேட் எண்ணெயைச் சேர்ப்பார்கள். சில பொருட்களில் எடையில் 40 சதவீதம் வரைகூட இருக்கும். ரெக்சின் விரிப்பு, வளையும் டியூப், மெத்தென்ற பொம்மை எல்லாவற்றிலும் இது வரலாம். மாசி மகத் திருவிழாக் கடையில் வாங்கின பொம்மையில் ஒரு நெடி வீசும் பாருங்க, அந்த மாதிரிப் பொம்மையைக் கடிக்கிற வயதுப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். ஐரோப்பா 1999இலேயே குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் தாலேட்டைக் கட்டுப்படுத்தத் தொடங்கி, 2005இல் நிரந்தரத் தடை போட்டது. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்க, எத்தனை பொம்மையில் இருக்கிறது என்று தெரியும்.

தாலேட் நெகிழியோடு ஒட்டிப் பிணைந்திருப்பதில்லை. துணியில் ஈரம் இருப்பதுபோல் உள்ளே இருக்கிறது. அதனால்தான் வெளியே வருகிறது. வெளியே வர உதவும் காரணங்கள் நாலு:

1. சூடு. கொதிக்கிற சாம்பாரையும் டீயையும் நெகிழிப் பையில் ஊற்றுவது.
2. எண்ணெய், கொழுப்பு. தாலேட் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். ஊறுகாய், நெய், பால் எல்லாம் இதில் சேரும்.
3. புளிப்பும் உப்பும். புளி, எலுமிச்சை, தயிர் நாள்கணக்கில் தங்குவது.
4. வயதும் கீறலும். பழைய டப்பா, கம்பி நாரால் தேய்த்த டப்பா, வெயிலில் காய்ந்த கேன்.

நாலும் ஒன்றாகச் சேர்வது நம்ம ஊர் ஊறுகாயில்தான். எண்ணெய், உப்பு, புளிப்பு, ஒரு வருடம். இதைச் சூடாக ஊற்றியும் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஏன் அதிகம்?

ஒரு கிலோ எடைக்கு என்று கணக்குப் போட்டால், சின்னப் பிள்ளை பெரியவரைவிட அதிகம் சாப்பிடுகிறது, அதிகம் குடிக்கிறது, அதிகம் மூச்சு விடுகிறது. தரையில் தவழ்கிறது, தரைத் தூசு கைக்கும் கை வாய்க்கும் போகிறது. பெரியவர் கல்லீரல் பிபிஏவைக் கட்டி வெளியே தள்ளுகிற வேகம் கைக்குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது. இதற்கெல்லாம் மேல், மூளையும் பிறப்புறுப்பும் உருவாகிற பருவம் அது.

2005இல் ஷானா ஸ்வான் குழுவினர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் தாலேட் அதிகம் இருந்த வீட்டில், பிறந்த ஆண் குழந்தைகளின் பிறப்புறுப்பு வளர்ச்சியில் சின்ன, ஆனால் அளந்து சொல்லக்கூடிய வித்தியாசம் இருந்தது. ஆண் ஹார்மோன் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் அது தடுக்கப்பட்டதற்கான அடையாளம் அது. விலங்கு ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. முன்கூட்டியே பூப்பெய்துதல், உடல் பருமன், நீரிழிவு ஆகியவற்றோடும் இந்த ரசாயனங்களுக்குத் தொடர்பு பேசப்படுகிறது. ஆனால் ஒரு பிள்ளைக்கு வந்த கோளாறைக் காட்டி, இந்த டப்பாதான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நம்ம பேச்சில் அந்த நிதானம் வேண்டும். இல்லாவிட்டால் பயம்தான் பரவும்.

"ரொம்பக் கொஞ்சம்தானே கசியுது அண்ணே?" என்று கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டார். பக்கத்து வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்த காற்று நம்ம பருத்தியில் பட்டால் இலை எப்படிக் குறுகி விரல் மாதிரி ஆகிறது என்று திருப்பிக் கேட்டேன். 2,4-டி செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போலியாக நடிக்கிற பொருள். வந்து பட்டது சாரல்கூட இல்லை, காற்று. ஹார்மோன் விஷயத்தில் கொஞ்சம் என்பதற்கு வேறு கணக்கு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிபிஏவுக்கு வைத்திருந்த தினசரி வரம்பை 2023இல் 20,000 மடங்கு குறைத்தது. அடுத்த வருடக் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் உணவு படும் பொருட்களில் பிபிஏவுக்கே தடை கொண்டுவந்தது. பல வருடம் 'இந்த அளவு பரவாயில்லை' என்று சொன்ன இடத்தில்தான் இந்த மாற்றம்.

'பிபிஏ ஃப்ரீ' என்று அச்சடித்த டப்பாவைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதற்குப் பதிலாகச் சேர்க்கும் பிஸ்பினால் எஸ் என்ற தம்பியும் அண்ணன் மாதிரியே வேலை செய்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

பீங்கான் ஊரில் இருந்துகொண்டு

எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கிற வெள்ளைக் களிமண் பக்கத்தில் இருந்ததால் இங்கே சூளைகள் வந்தன. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனமும் இருக்கிறது. பொம்மை, அகல்விளக்கு, மின்சார பியூஸ் கட்டை எல்லாம் இங்கிருந்து போகின்றன. வீட்டு மின்பெட்டியில் பீங்கான் பியூஸ் இருந்த இடத்தை நெகிழி சுவிட்சு பிடித்துக்கொண்டதுபோல, அடுப்படியில் ஜாடி இருந்த இடத்தை நெகிழி டப்பா பிடித்துக்கொண்டது.

ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து வந்த பாண்டத்தில் பிபிஏ, தாலேட் மிஞ்சி இருக்க வழியில்லை. ஊறுகாயை ஜாடியில் போட்டு வெள்ளைத் துணி கட்டிய நம்ம பாட்டிகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் உப்பும் புளிப்பும் எண்ணெயும் தங்க எது தாங்கும் என்று தெரிந்திருந்தது.

பீங்கானிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலே பளபளப்புக்குப் பூசும் கலவையில் ஈயம் சேர்க்கும் வழக்கம் உலகம் முழுக்க இருந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு, புளிப்புப் பட்டால் கசியும். அலங்காரப் பொருளாகச் செய்த பாண்டத்தில் சாப்பாடு வைக்கக் கூடாது. உட்புறம் வண்ணப் பூ வரைந்த, பூச்சு வெடித்த, விவரம் தெரியாத பழைய பாண்டத்திலும் புளிப்பானது வேண்டாம். வாங்கும்போது ஈயமில்லாப் பூச்சா, உணவுக்கு ஏற்றதா என்று கேளுங்க. சோதனை எளிதுதான். 4 சதவீத அசெட்டிக் அமிலத்தைப் பாண்டத்தில் 24 மணி நேரம் ஊற்றி வைத்து, அதில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் ஆய்வகத்தில் அளப்பார்கள்.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஒரு குடும்பம் ஒரு ஜாடி கேட்டால் சூளைக்காரர் கவனிக்க மாட்டார். இருபது உழவர் சேர்ந்து, ஈயமில்லாப் பூச்சோடு, மூடி பொருந்தின அரைக் கிலோ, ஒரு கிலோ ஜாடி இருநூறு வேண்டும், சோதனைச் சான்று வேண்டும் என்று கேட்டால் கவனிப்பார். அவருக்கும் வேலை, நமக்கும் பாண்டம். பீங்கான் ஊர் இல்லாதவர்கள் கண்ணாடி, எவர்சில்வரை வைத்து இதே வழியில் போகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

எல்லா நெகிழியையும் ஒரே நாளில் தூக்கி எறியச் சொன்னால் யாராலும் முடியாது. சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றிலிருந்தும் முதலில் நெகிழியைப் பிரியுங்கள். அரிசி, பருப்பு போன்ற காய்ந்த பொருள் டப்பா கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தாய்ப்பாலிலும் இந்த ரசாயனங்களின் சுவடு காணப்படுகிறது என்று படித்துப் பயந்து யாரும் நிறுத்த வேண்டாம், அதற்கு ஈடு வேறில்லை. புட்டிக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992 சட்டம் தடுக்கிறது. பால் புகட்ட வேண்டி வந்தால் எவர்சில்வர் பாலாடை இருக்கிறது. அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் பாலிபுரொப்பிலீன் புட்டியில் சூடான நீரில் பால்மாவு கலக்கும் முறையைச் சோதித்தபோது, லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்நெகிழித் துகள் வந்தது.

டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் தூக்குவாளி. காகிதக் கப் காகிதம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், உள்ளே நெகிழிப் படலம் உண்டு. ஐஐடி காரக்பூர் ஆய்வில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தபோதே சுமார் 25,000 துகள்கள் இறங்கின. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிகளுக்குத் தடை இருக்கிறது. சட்டம் கடைக்கு வருகிறதோ இல்லையோ, நம்ம தூக்குவாளி போகலாம்.

பள்ளிக்குப் பிள்ளைகளின் சாப்பாடும் தண்ணீரும் எவர்சில்வரில். வீட்டில் தினம் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள், தூசு வழியாகப் போவது குறையும். பூச்சிக்கொல்லி வந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கோ தவிட்டுக்கோ வைக்கக் கூடாது. பல கிராமங்களில் இன்னும் இதைப் பார்க்கிறேன்.

விற்பனையில் செய்ய வேண்டியவை

நம்ம மேல் நம்பிக்கை வைத்து வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள். செக்கில் ஆட்டிய மணிலா எண்ணெய், நாட்டு மாட்டு நெய், ஊறுகாய் மூன்றும் கொழுப்புள்ளவை. மூன்றையும்தான் நாம் அதிகம் நெகிழியில் விற்கிறோம். புதிய பெட் பாட்டிலில் பிபிஏ சேர்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வெயிலில், நாள்பட இருந்தால் அதிலிருந்து ஆன்டிமனி கசிவது தெரிந்திருக்கிறது. பழைய தண்ணீர் பாட்டிலில் எண்ணெய் பிடிப்பது எந்த வகையிலும் சரியில்லை.

நான் எண்ணெய்க்குப் பின்பற்றுவது இரட்டைக் கேன் முறை. வாடிக்கையாளர் இரண்டு எவர்சில்வர் கேன் வாங்கிவிடுவார். ஒன்று அவர் வீட்டில், ஒன்று என்னிடம். நிறைந்தது போகும், காலியானது வரும். ஊருக்குள்ளும் பக்கத்து டவுனுக்கும் இது நன்றாக ஓடுகிறது. தூரத்துக்குக் கண்ணாடி. அதில் உடைசலும் செலவும் உண்டு, விலையில் அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். செக்கிலிருந்து எண்ணெய் இறக்கவும் பால் மாற்றவும் வளையும் பிவிசி டியூப் வேண்டாம், எவர்சில்வர் புனல் போதும்.

வயலில் நிலப்போர்வைக்கு விரிக்கும் நெகிழித் தாளையும் யோசிக்கணும். அது வெயிலில் நைந்து மண்ணில் கலக்கிறது. சீனாவில் இதை நெடுங்காலம் விரித்த மண்ணிலும் அங்கே விளைந்த காய்கறியிலும் தாலேட் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நமக்கு வைக்கோல், கரும்புச் சோகை, மணிலாத் தொலி, முந்திரிச் சருகு இருக்கிறது.

மூன்றே நாளில்

இவ்வளவும் படித்தபின் மனசு சோர்ந்துவிட வேண்டாம். டிடிடி மாதிரி பிபிஏ உடம்பில் வருடக்கணக்கில் தங்காது. பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். தாலேட்டும் அப்படித்தான். தினமும் உள்ளே வருவதால்தான் தினமும் இருக்கிறது.

அமெரிக்காவில் 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஐந்து குடும்பத்தைச் சேர்ந்த 20 பேருக்கு மூன்று நாள் மட்டும் டின்னும் நெகிழியும் படாத புதுச் சமையல் கொடுத்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. டிஇஎச்பி என்ற தாலேட்டின் அடையாளம் பாதிக்கும் மேல் குறைந்தது. பழைய உணவுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது.

நம்ம வேலையும் இங்கிருந்து தொடங்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டுச் சமையலறையில் சூடு, எண்ணெய், புளிப்பு படும் நெகிழிப் பொருட்களை எண்ணி எழுதிவாருங்கள். பக்கத்தில், அதற்கு மாற்று வீட்டிலேயே இருக்கிறதா, வாங்க வேண்டுமா என்று குறியுங்கள். வாங்க வேண்டியதைச் சேர்த்துக் கூட்டினால் ஜாடிக்கும் கேனுக்கும் மொத்த ஆர்டர் எவ்வளவு என்று அன்றே தெரிந்துவிடும். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருப்பவர்களின் பட்டியலை முதலில் எடுத்துக்கொள்வோம்.